அம்மாவை முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறோம்: பாலக்காட்டு எல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், வாளையார் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு மாநில எல்லை என்பது பஸ் மாறுகிற இடம், அவ்வளவுதான். வீடு சித்தூர் வட்டத்தில், பிள்ளைக்கு வேலை கோவையில், பெண்ணைக் கொடுத்தது பொள்ளாச்சியில் என்று இருப்போம். வயதானவர்களை வைத்துப் பார்க்க முடியாத நிலை வந்தால், எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு முதியோர் இல்லம் தேடுகிறோம். என் மாமியார் கடைசிக் காலத்தில் பாலக்காட்டுப் பக்கம் ஓர் இல்லத்தில் இருந்தார். அதிலிருந்து, அக்கம்பக்கத்தில் யார் இல்லம் பார்க்கக் கிளம்பினாலும் "நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிடுகிறார்கள். அப்படிப் போகும்போது திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

கட்டடம் புதுசு, முன்னால் தோட்டம், பேசுகிறவர்களும் தன்மையாகப் பேசுகிறார்கள். உள்ளே எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டடத்தை விடுங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கிறவர்களின் உடம்பைப் பாருங்கள். விரல் நகம் வெட்டியிருக்கிறதா, நகக்கண்ணில் அழுக்கு அடைந்திருக்கிறதா? ஆண்களுக்கு எத்தனை நாள் தாடி? உதடு வெடித்திருக்கிறதா? பெண்களுக்குத் தலை வாரிப் பின்னியிருக்கிறதா, இல்லை வசதிக்காக எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டிவிட்டிருக்கிறார்களா? கண்ணாடி போட்டவர்கள் போட்டிருக்கிறார்களா, பல்செட் வாயில் இருக்கிறதா, டப்பாவில் இருக்கிறதா? இதெல்லாம் யாரோ ஒருவர் தினமும் ஐந்து நிமிஷம் ஒதுக்கினால்தான் நடக்கும்.

பிறகு தண்ணீர் டம்ளர். கட்டிலை விட்டு எழ முடியாதவருக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்திருக்கிறார்களா, அது அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் போன ஓர் இல்லத்தில் ஒவ்வொரு கட்டிலுக்கும் அழகான ஸ்டீல் டம்ளர், மூடியோடு. ஆனால் எல்லாம் கால்மாட்டு மேசையில். ஒரு பாட்டி என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். கும்பிடுகிறார் என்று மேனேஜர் சொன்னார். எடுத்துக் கொடுத்ததும் மூச்சு விடாமல் குடித்து முடித்தார்.

வாசனையையும் கவனியுங்கள். காலை 7 மணிக்கு மூத்திர வாடை இருந்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அப்போதுதான் எல்லோருக்கும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். 11 மணிக்கும் அதே வாடை என்றால் யோசிக்க வேண்டும். கண் எரிகிற அளவுக்கு பினாயில் வாடை அடித்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள். சேர்ப்பதற்கு முன் இன்னொரு முறை சொல்லாமல் போங்கள், சாப்பாட்டு நேரமாகப் பார்த்து. "முன்கூட்டி அனுமதி வாங்கினால்தான் உள்ளே விடுவோம்" என்று கேட்டிலேயே நிறுத்துகிற இடம் எனக்கு வேண்டாம்.

ஆபீசில் என்ன கேட்க வேண்டும்?

நிறைய கேட்கலாம், ஆனால் ஒன்றை விடாதீர்கள்: ராத்திரி 2 மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? பகலில் எல்லா இடத்திலும் ஆள் இருக்கும். இரவில் ஒரே ஓர் ஆயா, அவரும் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருப்பார் என்றால், உங்கள் அம்மா பாத்ரூம் போகத் தனியாக எழுந்து விழுவதற்கு வாய்ப்பு அதிகம். கூப்பிட மணி இருக்கிறதா, அதை அமுக்கினால் எங்கே அடிக்கும் என்று நீங்களே ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.

அடுத்தது, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? இது சின்ன விஷயமாகத் தெரியும். பல இடங்களில் பகல் ஷிப்ட் ஆட்கள் கிளம்புவதற்கு முன்பே, 5 மணி, 5.30-க்கே கஞ்சியைக் கொடுத்து, டயப்பரை மாற்றி, விளக்கை அணைத்துவிடுகிறார்கள். மறுநாள் காலை டிபன் 8 மணிக்கு. நடுவில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றில் ஒன்றுமில்லை. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ போடுகிறவர்களுக்கு விடிகாலையில் சர்க்கரை இறங்கி, வேர்த்து, உளறி, நினைவே தப்பிப்போகலாம். "ராத்திரி படுக்கும் முன் பால், பிஸ்கட் உண்டா? யார் கொடுப்பார்கள்?" என்று பெயரோடு கேளுங்கள்.

டாக்டர் எப்போது வருவார், அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், வண்டி யாருடையது, கூட யார் போவார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். "உங்களுக்கு போன் பண்ணுவோம்" என்பது இதற்குப் பதில் ஆகாது. நீங்கள் கோவையிலிருந்து வாளையார் தாண்டி வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பதிவு பெற்ற இல்லமா என்று எங்கே பார்ப்பது?

கேரளத்தில் அறக்கட்டளை, சபை, சங்கம் நடத்துகிற இல்லங்கள் சமூக நீதித் துறையின் கீழ் இருக்கும் அனாதை இல்லக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அனாதை இல்லங்களுக்கும் தர்ம இல்லங்களுக்குமான 1960-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி வருவது இது. தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலகம் வழியாக, 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் கீழ் பதிவு நடக்கிறது. சான்றிதழை ஆபீஸ் சுவரில் மாட்டியிருப்பார்கள். தேதி முடிந்திருக்கிறதா, எத்தனை பேருக்கு அனுமதி என்று போட்டிருக்கிறது என்பதைப் படித்துவிட்டு, உள்ளே கட்டில்களை எண்ணிப் பாருங்கள்.

பதிவு இருந்தால் நல்ல இல்லம் என்று அர்த்தமில்லை. இல்லாவிட்டால், நாளைக்கு ஒரு பிரச்சினை வரும்போது எந்த அதிகாரியின் பைலிலும் அந்த இடமே இருக்காது.

மாதக் கட்டணம் ஒரு தொகை சொன்னார்கள். பில் வேறு மாதிரி வருகிறதே?

சொல்கிற தொகை பெரும்பாலும் படுக்கை, சாப்பாடு, துணி துவைப்பதற்கு மட்டும்தான். மருந்து, டயப்பர், டாக்டர் பீஸ், பிசியோதெரபி, ஆக்சிஜன், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கும் ஆளின் சம்பளம் எல்லாம் தனி. சேரும் அன்றே எதெல்லாம் உள்ளே, எதெல்லாம் வெளியே என்று எழுத்தில் வாங்குங்கள். அட்வான்ஸ் பணம் திரும்பக் கிடைக்குமா, பாதி மாதத்தில் காலமானாலோ கூட்டிக்கொண்டு போனாலோ கணக்கு எப்படி என்பதும் அதில் இருக்கட்டும். கேட்கச் சங்கடமாக இருக்கும். பிறகு கேட்பது அதைவிடச் சங்கடம்.

டயப்பர் கணக்கு மட்டும் நீங்களே பாருங்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு என்றால் மாதம் நூறு வரும். பில்லில் நூறு இருந்து, நீங்கள் போகும்போதெல்லாம் டயப்பர் கனத்துத் தொங்கினால் எங்கோ இடிக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெண், அப்பாவைப் பார்க்கப் போகும்போது டயப்பர் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் சின்னப் புள்ளி வைத்துவிட்டு வருவார். சாயங்காலம் தம்பி போய்ப் பார்ப்பான். புள்ளி அப்படியே இருந்த அன்று வார்டு இன்சார்ஜிடம் அதைக் காட்டியே பேசினார்கள். அதற்குப் பிறகு நேரம் எழுதுகிற ஒரு தாள் கட்டிலில் தொங்கியது.

ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் கேளுங்கள். வருமான வரிச் சட்டத்தில் தர்ம நிறுவனமாகப் பதிந்த அமைப்பு நடத்தும் இல்லம், 60 வயதுக்கு மேற்பட்டவரிடம் மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கும் கட்டணத்துக்கு 2018-லிருந்தே வரிவிலக்கு உண்டு.

அம்மாவுக்குத் தமிழ் தவிர ஒன்றும் தெரியாது. கேரள இல்லத்தில் சமாளிப்பாரா?

சித்தூர் வட்டத்துக்குள் கவலையில்லை, எல்லோருக்கும் தமிழ் வரும். பாலக்காடு டவுன் தாண்டி மேற்கே போகப் போகக் குறையும். மலையாளிப் பணியாளர்களோடு எப்படியும் ஒப்பேற்றிவிடலாம். இப்போது கட்டில் அருகில் நிற்பவர்கள் பலர் ஒடிசா, ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்த பிள்ளைகள். மனசு தங்கமாக இருக்கலாம், ஆனால் "நெஞ்சு கரிக்குது", "கால் மரத்துப்போச்சு" என்று அம்மா சொன்னால் அவர்களுக்கு எப்படிப் புரியும்? வலியைச் சொல்ல முடியாதவர் கொஞ்ச நாளில் சொல்வதையே நிறுத்திவிடுவார். "அவங்க ரொம்ப அமைதி, ஒரு தொந்தரவும் இல்லை" என்று பணியாளர்கள் பாராட்டினால் எனக்குப் பயம் வரும்.

மறதி நோய் இருந்தால் இன்னும் சிக்கல். அறுபது வருஷமாக மலையாளம் பேசி வியாபாரம் செய்தவர்கூட, நோய் முற்றும்போது சின்ன வயதில் பேசிய பாஷைக்கே திரும்பிவிடுவதைப் பார்க்கிறோம். அதனால் ஷிப்டுக்கு ஒருவராவது தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் தலைமாட்டில் ஒரு தாள் ஒட்டுங்கள். தண்ணீர், பாத்ரூம், வலி, மூச்சுத் திணறல், குளிர், வாந்தி மாதிரி பத்துப் பதினைந்து சொற்கள், தமிழ் உச்சரிப்பும் அவர்கள் படிக்கிற எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில். தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் போன் போட்டுப் பேசுங்கள். அப்போதுதான் குரலில் மாற்றம் தெரியும்.

கேரளத்துத் தடித்த சிவப்பு அரிசியான மட்ட அரிசிச் சோறு இறங்கவே மாட்டேன் என்கிறது அம்மாவுக்கு.

சிரிக்க வேண்டாம், இதனால் எடை குறைந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. பல் இல்லாதவருக்கு மட்ட அரிசி கடிபடாது. பொன்னி அரிசியைக் குழைய வடித்து, ரசம் விட்டுப் பிசைந்து கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். அரிசியை நாங்களே வாங்கித் தருகிறோம் என்றால் பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். மாதாமாதம் எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 50 கிலோ இருப்பவர் இரண்டரைக் கிலோ இறங்கினால், அதைச் "சரியாச் சாப்பிடறதில்லீங்க" என்று விடக் கூடாது. டாக்டர் பார்க்க வேண்டும்.

படுக்கைப்புண் வந்துவிட்டது. அவர்களுடைய அலட்சியமா?

பெரும்பாலும் ஆமாம், எப்போதும் அல்ல.

ஒரே இடத்தில் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் தோல் நசுங்கிக் கிடந்தால் அங்கே ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போகும். வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், தோள்பட்டை, பின்மண்டை, இதெல்லாம் புண் வரும் இடங்கள். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது நர்சிங் படிப்பில் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடங்களில் ஒன்று. ஏர் பெட் போட்டுவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். தப்பு. அது உதவும், ஆனால் புரட்டியே ஆக வேண்டும்.

முதல் அறிகுறியைப் புத்தகங்களில் "சிவப்பாக மாறும்" என்று எழுதியிருக்கும். நம் நிறத்துக்கு அது சிவப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். மாநிறமோ அதைவிட வெளுப்போ என்றால் விரலால் அமுக்கி எடுங்கள். அமுக்கிய இடம் ஒரு கணம் வெளுத்துத் திரும்பினால் பரவாயில்லை, வெளுக்கவே இல்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. இந்தக் கட்டத்தில் பிடித்தால் சில நாட்களில் மாறிவிடும். தோல் உரிந்து, குழி விழுந்து, நாற்றம் வந்த பிறகு மாதக்கணக்கு.

சில ஆயாக்கள் பழைய பழக்கத்தில் அந்த இடத்தில் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, அழுத்தித் தேய்ப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அடிபட்ட சதை அதில் இன்னும் கெடும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம்.

நீங்கள் போகும்போது, கூச்சப்படாமல், ஒரு நர்சை உடன் வைத்துக்கொண்டு முதுகையும் குதிகாலையும் திறந்து பாருங்கள். போர்வை போர்த்திய முகத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆப்பிளை வைத்துவிட்டு வருகிற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

கடைசி நாட்களில், சாப்பாடு உள்ளே போகாமல் உடம்பு தானே அடங்கிவரும்போது, எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் புண் வரத்தான் செய்யும். அப்போது இல்லத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை. வலிக்கு வழி பாருங்கள். கேரளத்தில் 2008-லேயே வலி நிவாரண, தணிப்புச் சிகிச்சைக்கு அரசுக் கொள்கை வந்துவிட்டது. ஊராட்சிகளில் பாலியேட்டிவ் நர்ஸ் வீடு வீடாகப் போய்ப் புண் கட்டுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது எல்லாம் செய்கிறார். உங்கள் இல்லம் இருக்கும் ஊராட்சியின் நர்ஸ் அங்கே வருவாரா என்று கேளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இந்த உதவிகள் இருக்கின்றன.

எப்போது போனாலும் அப்பா தூங்கிக்கொண்டே இருக்கிறார்.

"நல்லாத் தூங்கறாருங்க" என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்துச் சீட்டைக் கேளுங்கள். சேரும்போது இல்லாத மாத்திரை ஏதாவது புதிதாகச் சேர்ந்திருக்கிறதா, யார் எழுதியது, எதற்கு எழுதியது? லோரஸிபாம், குவிட்டியாபின் போன்ற, தூக்கக் கலக்கம் தரும் மாத்திரைகள் தேவைப்படுகிறவர்களுக்கு உண்டுதான். ஆனால் ராத்திரி சத்தம் போடுகிறார், ஆள் போதவில்லை என்பதற்காகக் கொடுக்கப்படுவதும் உண்டு. அந்த மயக்கத்தில் நடந்து விழுவார்கள், சாப்பாடு புரையேறி நுரையீரலுக்குப் போகும்.

வேறு காரணமும் இருக்கலாம். நேற்றுவரை நன்றாகப் பேசியவர் திடீரென்று உளறினாலோ சுருண்டு படுத்தாலோ மூத்திரத்தில் கிருமி, காய்ச்சல், சோடியம் குறைவு என்று பார்க்க வேண்டும். "சோடியம் குறைஞ்சிருச்சு" என்று ஆஸ்பத்திரியில் சேர்க்காத குடும்பம் எங்கள் ஊரில் குறைவு. வயசாகிவிட்டது, அப்படித்தான் இருப்பார் என்று யாராவது சொன்னால், "நேற்று வயசாகவில்லையா?" என்று கேளுங்கள்.

"என்னைக் கூட்டிட்டுப் போயிரு" என்று ஒவ்வொரு தடவையும் அழுகிறார். அடிக்கிறார்களோ?

முதல் சில வாரம் எல்லோரும் அழுவார்கள். மறதி நோய் உள்ளவர்கள் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

கையைப் பாருங்கள். முன்னங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் கன்றிப்போவது வயதான தோலுக்குச் சாதாரணம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். மேல்கையின் உள்பக்கத்தில் விரல் பதிந்த மாதிரி வரிசையாகக் கன்றியிருந்தால், மணிக்கட்டைச் சுற்றிக் கட்டிய தடம் இருந்தால், அது வேறு கதை. ஒரு குறிப்பிட்ட ஆள் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்துகிறாரா, தோளைச் சுருக்குகிறாரா என்றும் கவனியுங்கள். அன்றே படம் எடுங்கள், வெளி டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். முதியோர் உதவி எண் 14567 காலை 8 முதல் இரவு 8 வரை, இரண்டு மாநிலத்திலும் இலவசம். ஆபத்து என்று தோன்றினால் 112. அம்மாவை அங்கே இன்னொரு ராத்திரி விட்டுவைத்துவிட்டு நியாயம் கேட்காதீர்கள். முதலில் வெளியே கூட்டி வாருங்கள்.

குறை சொன்னால் நாம் வந்த பிறகு அம்மாவிடம் காட்டிவிடுவார்களே?

எல்லோரும் இதைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். பயம் நியாயமானது. இந்தப் பயத்தாலேயே பல குடும்பம் மௌனமாகப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறது.

நான் பார்த்தவரை, யார் வீட்டு ஆள் அடிக்கடி வருகிறார்களோ அந்தக் கட்டிலுக்குத்தான் முதலில் டயப்பர் மாறுகிறது. கேவலமாக இருக்கலாம், ஆனால் இருபது பேருக்கு இரண்டு ஆயா என்றால் அவர்களும் கணக்குப் போட்டுத்தான் வேலை செய்வார்கள். மாதம் ஒருமுறை வந்து ஒரு மணி நேரம் கத்துகிற மகனைவிட, வாரம் இரண்டு முறை, வேறு வேறு நேரத்தில் வந்து கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிற மருமகளுக்குத்தான் அங்கே மரியாதை. ஒரே ஆள் போக வேண்டாம். அண்ணன், தங்கை, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா, கோயிலிலோ சர்ச்சிலோ தெரிந்தவர், இப்படி மாற்றி மாற்றிப் போனால் யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது.

குறையை ஆயாவிடம் கொட்டாதீர்கள், அவர் கையில் ஒன்றுமில்லை. வார்டு நர்ஸ் அல்லது மேனேஜரிடம், ஒரே ஒரு விஷயத்தை, நாள் நேரத்தோடு சொல்லுங்கள். "சரியாப் பார்த்துக்கறதில்லை" என்றால் "பார்த்துக்கறோங்க" என்பார்கள். "செவ்வாய்க்கிழமை 4 மணிக்கு வந்தேன், மத்தியான மாத்திரை கவரிலேயே இருந்தது" என்றால் தப்ப முடியாது. அன்று இரவே அதை வாட்ஸ்அப்பில் மரியாதையான நாலு வரியாக அனுப்பிவிடுங்கள். தேதியோடு ஒரு பதிவு இருக்கும். நன்றாகச் செய்ததையும் அதே எண்ணுக்கு எழுதுங்கள், அப்போதுதான் குறையையும் படிப்பார்கள்.

ஆயாக்களுக்குத் தனியாகப் பணம் கொடுக்கலாமா?

ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அவர் லீவு போடும் நாளில் அம்மா பாடு திண்டாட்டம். ஓணம், பொங்கல், கிறிஸ்துமஸ் என்று எல்லோருக்கும் சேர்த்துக் கொடுங்கள். வாழைக்காய் சிப்ஸ் ஒரு கிலோ கொண்டுபோனால் எல்லா ஷிப்டும் உங்களைத் தெரிந்துவைத்திருக்கும். காசு கேட்டுவிட்டுத்தான் துணி மாற்றுகிறார்கள் என்றால் மேலே சொல்லுங்கள்.

கேமரா வைத்திருக்கிறோம், போனில் பார்க்கலாம் என்கிறார்கள்.

வராந்தாவிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் இருக்கட்டும். துணி மாற்றுகிற இடத்தில் வேண்டாம், அம்மாவுக்கும் மானம் உண்டு. துபாயில் இருக்கும் மகன் போனில் ஒரு பார்வை பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவான். ஆனால் கேமராவில் வாடை தெரியாது, முதுகும் தெரியாது.

2020-இல் ஊரடங்கின்போது வாளையாரில் எல்லையையே மூடிய காலம் நினைவிருக்கும். இல்லங்களும் கேட்டை அடைத்துவிட்டன. அப்போது வீடியோ கால் ஒன்றுதான் வழி. அந்தச் சமயத்தில் தினமும் காலையில் தானாகவே கூப்பிட்டு, போர்வையை விலக்கிக் காலைக்கூடக் காட்டிய நர்ஸ்களும் இருந்தார்கள்.

வெயில் காலத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரி தொடுவது புதிதல்ல. வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. அதோடு, ராத்திரி துணி நனையும் என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் குறைக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நாக்கு வறண்டு, மூத்திரம் டீ டிகாஷன் நிறத்தில் வந்தால் தண்ணீர் போதவில்லை. மேல்மாடி, ஷீட் கூரை அறை என்றால் கோடையில் கீழே மாற்றித் தரச் சொல்லுங்கள். இதயம், கிட்னி பிரச்சினைக்குத் தண்ணீர் அளவு குறைத்திருந்தால் எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள்.

இல்லம் கேரளத்தில், நாங்கள் கோவையில். எங்கே புகார் கொடுப்பது?

இல்லத்தின் நடத்தை பற்றி என்றால் இல்லம் இருக்கும் மாவட்டத்தில். பாலக்காட்டுப் பக்கம் மாவட்ட சமூக நீதி அலுவலர், தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலர், இரண்டு பக்கமும் கலெக்டர். கேரளத்தில் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர்கள் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுத உரிமை தருகிறது. சித்தூர் வட்டத்தில் இருப்பவர்கள் தாராளமாகத் தமிழில் எழுதலாம். வேலை சீக்கிரம் நடக்க மலையாளத்தில் ஒரு பிரதி சேர்த்து வைப்பது என் பழக்கம்.

பணம் கட்டி இருக்கும் இல்லம் என்றால் அது சேவைக் குறைபாடு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. புகார்தாரர் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கோவையில் இருந்துகொண்டு பாலக்காட்டு இல்லத்தின் மேல் கோவையிலேயே கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ரசீது முக்கியம். இலவச இல்லத்துக்கு இந்த வழி கிடையாது.

அம்மாவின் செலவுக்கு அண்ணன் பங்கு தரவில்லை என்பது வேறு வழக்கு. அதற்கு 2007 சட்டத்தின் தீர்ப்பாயம். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் கேளுங்கள். அம்மா இருக்கும் மாவட்டத்திலும் கொடுக்கலாம், பிள்ளை இருக்கும் மாவட்டத்திலும் கொடுக்கலாம். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். சட்ட உதவிக்கு 15100.

பென்ஷன் ஏ.டி.எம். கார்டை இல்லத்திலேயே கொடுத்து வைக்கச் சொல்கிறார்கள். நிலத்தை எழுதிக் கொடுத்தால் கடைசிவரை பார்ப்போம் என்கிறார்கள்.

கார்டு, பாஸ்புக், ஆதார் அசல் எதையும் கொடுக்காதீர்கள். நகல் போதும். ஆயுள் சான்றுக்கு இப்போது தபால்காரரே நேரில் வந்து பதிவு செய்கிறார், அதற்காகக் கார்டு அவர்களிடம் இருக்க வேண்டியதில்லை.

நிலம் விஷயத்தில் என் அபிப்பிராயம், வேண்டவே வேண்டாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், "பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்" என்று பத்திரத்திலேயே வரட்டும். பராமரிக்காவிட்டால் 2007 சட்டம் 23-ஆம் பிரிவின்படி பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கக் கேட்கலாம். பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்களுக்கும் இதே புத்திமதிதான்.

ஊர் என்ன சொல்லும்?

சொல்லும். 2021-க்கான கணிப்பில் கேரளத்தில் நூற்றுக்கு 16.5 பேர், தமிழ்நாட்டில் 13.6 பேர் 60 வயது தாண்டியவர்கள். இன்று பேசுகிறவர்கள் நாளைக்கு உங்களிடமே போன் நம்பர் கேட்பார்கள்.

அங்கேயே காலமாகிவிட்டால்?

எந்த ஊரில் உயிர் பிரிந்ததோ அந்த ஊர் உள்ளாட்சியில்தான் இறப்புப் பதிவு. இல்லம் கேரளம் என்றால் சொந்த ஊர் பொள்ளாச்சி என்றாலும் சான்றிதழ் கேரளத்தில்தான் வாங்க வேண்டும். 21 நாளுக்குள் பதிய வேண்டும், தெரிவிக்கும் பொறுப்பு இல்லத்தை நடத்துபவருடையது. பெயர், இனிஷியல், அப்பா பெயர் எல்லாம் ஆதாரில் உள்ளபடியே எழுதியிருக்கிறார்களா என்று பதிவதற்கு முன் பாருங்கள். இனிஷியல் மாறிப்போனால் தமிழ்நாட்டில் வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது அலைய வேண்டியிருக்கும். எங்கே அடக்கம், எங்கே தகனம், எல்லை தாண்டிக் கொண்டுபோக எந்த வண்டி என்பதைச் சேர்க்கும் நாளிலேயே இல்லத்தாரிடம் சொல்லி வையுங்கள். டாக்டர் கொடுக்கும் மரணச் சான்று கையில் இல்லாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள்.

இந்த இல்லம் சரிப்படவில்லை. வேறு இடம் மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் புது இடத்தில் இன்னொரு தடவை பழகுவது வயதானவர்களுக்குப் பெரிய பாடு. குறை ஓர் ஆளின் மேல் என்றால் முதலில் வார்டை மாற்றிக் கேளுங்கள். அடி, பசி, புண் என்றால் யோசிக்க வேண்டாம்.

மாற்றும் நாளில் வாங்கி வர வேண்டியவை: மருந்துத் தாளும், கடைசியாக எந்த மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்ற குறிப்பும் (சர்க்கரை, பிரஷர் மாத்திரையை இரண்டு இடத்திலும் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு), ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாள்கள், குழாய் இருந்தால் கடைசியாக மாற்றிய தேதி, அட்வான்ஸ் கணக்கு. கிளம்புவதற்கு முன் முதுகு, குதிகால் இரண்டையும் அங்கேயே நர்ஸ் முன்னால் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது இல்லத்தில் சேரும்போதும் அப்படியே. புண் எங்கே வந்தது என்று இரண்டு இல்லமும் ஒருவரை ஒருவர் கை காட்டும்போது அந்தப் படங்கள்தான் பேசும். பகலில், சாப்பாடு முடிந்து, பழக்கப்பட்ட தலையணையோடு கூட்டிக்கொண்டு போங்கள். முதல் ராத்திரி வீட்டு ஆள் ஒருவர் கூடத் தங்க முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள்.